யாரும் சாகவில்லை

அகரவெளியில் கால்கள் ஆடுவதற்கு இரண்டே அனுமதிகள் உண்டு. சாமி புறப்பட வேண்டும். அல்லது பிணம் புறப்பட வேண்டும். சாமி புறப்பாட்டில் யார் ஆடலாம், எந்தத் தெருமுனை வரைக்கும் ஆடலாம் என்பதெல்லாம் எப்போதோ முடிவு செய்யப்பட்டுவிட்டன. பாடைக்கு முன்னால் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. குடித்த ஆண் எவனும் அங்கே ஆடலாம். பெண்ணுக்கு இரண்டிலும் இடமில்லை. ஐந்தாம் வகுப்பு வரை பள்ளி ஆண்டுவிழாவில் ஆடிய பெண், அதன்பிறகு தன் கால்கள் நடப்பதற்கு மட்டுமே தரப்பட்டவை என்று ஒப்புக்கொண்டுவிட வேண்டும்.

ஒப்புக்கொள்ளாதவர்கள் நாற்பது பேர் இருந்தார்கள். அவர்கள் மூடிக்கிடந்த அரிசி ஆலையின் கிடங்கில் சனிக்கிழமைதோறும் கூடினார்கள்.

கீழ்வேளூரிலிருந்து தெற்கே ஆறு கிலோமீட்டரில், வாய்க்காலைத் தாண்டி, ஊருக்கும் தெற்குத் தெருவுக்கும் நடுவில் வயல்கள் சூழ நின்றது அந்த ஆலை. உடைமைக்காரர் பெரிய வீட்டுத் துரைராசு. ஆலை ஓடி எட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. கிடங்கை மட்டும் ஆஸிமுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். ஆஸிம் சவுண்ட் சர்வீஸ் வைத்திருப்பவன். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் ஒலிபெருக்கி கட்டுகிறவன். அவனுடைய பெட்டிகள் வாரத்தில் ஆறு நாள் மற்றவர்களுக்காகப் பாடின. ஏழாம் நாள் இரவு, கிடங்கின் கதவைச் சாத்திக்கொண்டு, நாற்பது பேருக்காக அதிர்ந்தன.

அந்த அதிர்வு வெளியே போகாததற்கு உமியே காரணம். ஆலை நின்ற காலத்தில் விற்காமல் தங்கிய உமி மூட்டைகள் நான்கு சுவர்களையும் ஒட்டிக் கூரை வரைக்கும் அடுக்கப்பட்டிருந்தன. உள்ளே நெஞ்செலும்பு நடுங்கும் அளவுக்குப் பெட்டிகள் முழங்கினாலும், வெளியே வாய்க்கால் தவளைதான் பெரிதாகக் கேட்கும்.

நாகப்பட்டினத்துத் துணிக்கடையில் நாள் முழுதும் நின்று கால் வீங்கிய பெண்கள் வந்தார்கள். செவிலியர் இருவர் வந்தார்கள். தரங்கம்பாடியிலிருந்து ஒரே வண்டியில் மீனவ இளைஞர்கள் இருவர் வந்தார்கள். ஒரு காலத்தில் இந்த ஊரின் பாதி நிலத்தைத் தன் பேரில் எழுதி வைத்திருந்த குடும்பத்தின் பேரனும், வீட்டிலிருந்தபடியே பெங்களூர்க் கம்பெனிக்கு வேலை பார்ப்பவனுமான கேஷவ், மடிக்கணினியோடு வந்து இசையைக் கோத்துக் கொடுத்தான். உள்ளே குடி கிடையாது. கேட்காமல் யாரும் யாரையும் தொடக் கூடாது. எந்தத் தெரு என்று கேட்டவர் அன்றோடு சரி. செல்போன்கள் அனைத்தும் கதவருகே வைத்த பிரியாணி அண்டாவுக்குள் போய்விட வேண்டும். படம் எடுத்தால் பத்துக் குடும்பங்களில் தீப்பிடிக்கும். பெண்களை ஆஸிமின் டெம்போ வீட்டுத் தெருமுனையில் இறக்கிவிடும். வீட்டில் எல்லாரும் ஒரே சொல்லைச் சொல்லிவிட்டு வந்தார்கள்: ஓவர்டைம். நாளடைவில் அந்த இரவுக்கே அது பெயராகிவிட்டது.

ஓவர்டைமின் நடுநாயகம் தமிழ்நிலா. இருபத்தாறு வயது. பகலில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்தும் அந்தக் கை, சனிக்கிழமை இரவில் பறையை எடுக்கும். கல்லூரியில் படித்தபோது தஞ்சாவூரில் ஒரு குழுவிடம் அடித்துப் பழகியது. உமி மூட்டைகளுக்கு நடுவே தீ மூட்டித் தோலைக் காய்ச்ச முடியாது என்பதால், ஆஸிமின் மேடை விளக்கு ஒன்றைப் பறையின் முகத்துக்கு நேரே எரியவிட்டுச் சூடேற்றுவாள். கேஷவ் அந்த அடியைக் கணினிக்குள் வாங்கி, அதன் கீழே கனத்த ஓர் ஓசையைக் கட்டிப் பெட்டிகளுக்கு அனுப்புவான். அப்போது நாற்பது பேரின் கால்களும் ஒரே காலாகிவிடும். முதலாளியின் முன்னால் குனிந்த முதுகுகள் அங்கே நிமிர்ந்ததை அவள் தன் கண்ணால் பார்த்தாள்.

அந்தத் தரை போய்விட்டால் அவளுக்கு வேறு தரை இல்லை. அதை அவளிடமிருந்து பறிக்க வல்லவர்கள் இருவர். ஒருவர் ஆலைக்காரர் துரைராசு. மற்றவர் அவளுடைய தந்தை மருதையன். இருவரில் தந்தைக்கே அவள் அதிகம் அஞ்சினாள். காரணம், அவர் பக்கத்தில் நியாயம் இருந்தது.

முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் பெரிய வீட்டில் துரைராசுவின் தாத்தா இறந்த அன்று, மருதையனின் தாய் ராமாயியும் இறந்தாள். ஒரே காலையில் இரண்டு சாவு. பெரிய வீட்டுப் பிணம் காடு போய்ச் சேரும் வரைக்கும் பறையைக் கீழே வைக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. பெற்றவள் குடிசையில் ஈ மொய்க்கக் கிடந்தாள். பிள்ளை பெரிய வீட்டு வாசலில் இரண்டு நாள் அடித்தான். மூன்றாம் நாள் தாயை அடக்கம் செய்துவிட்டு வந்த மருதையன், தெற்குத் தெருவில் இருந்த பதினொரு பறைகளையும் வாய்க்கால் மேட்டுக் களத்துக்குக் கொண்டுவந்து குவித்துக் கொளுத்தினான். இனி இந்தத் தெருவில் எவரும் சாவுக்கு அடிப்பதில்லை என்று அன்றைக்குத் தெரு முடிவு செய்தது. அதற்கு விலையாக இரண்டு போகம் ஒருவருக்கும் நடவு வேலையும் அறுப்பு வேலையும் தரப்படவில்லை. தெரு அசையவில்லை. அதிலிருந்து பெரிய வீட்டார் சாவுகளுக்கு வெளியூர்ப் பறை செட்டு வேனில் வந்து இறங்குகிறது. மருதையன் இன்று மூன்று ஏக்கர் குத்தகைக்குப் பயிரிடுகிறார். விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் கிளைச் செயலாளர். அவர் சொல்லைத் தெற்குத் தெரு தாண்டாது. அப்படிப்பட்டவரின் மகள், காலியான ஸ்பீக்கர் பெட்டி ஒன்றுக்குள் பன்னிரண்டாவது பறையை ஒளித்து வைத்திருந்தாள்.

மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் அது வெளிப்பட்டது.

அந்த வாரம் செங்கல் சூளைக்காரர் வந்து மேற்குச் சுவரை ஒட்டியிருந்த உமி மூட்டைகளைத் துரைராசுவிடம் விலை பேசி ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ஆஸிம் அந்த இடத்தில் தார்ப்பாயைக் கட்டி, இது போதும் என்று நினைத்தான். இன்னொன்றை யாருமே நினைக்கவில்லை. சம்பா அறுவடை அந்த வாரத்தில்தான் முடிந்திருந்தது. ஆலைக்கும் ஊருக்கும் இடையில் இடுப்பளவு நின்ற நெல் இப்போது இல்லை. வெறும் தாளும், இடையில் விரலளவு உளுந்துச் செடியும். அதன்மேல் பனி இறங்கியிருந்தது. அப்படிப்பட்ட இரவில் வாய்க்காலில் கல் விழுந்தால் வடக்குத் தெருவில் கேட்கும்.

அன்று தமிழ்நிலா புதிய தாளக்கோவை ஒன்றை எடுத்திருந்தாள். தொடக்கத்தில் சாவுச் சேதி சொல்லும் அடியை, அதன் பழைய நிதானத்திலேயே, தனியாக அடிப்பாள். நான்கு நிமிடம் யாரும் ஆட மாட்டார்கள், நின்று கேட்பார்கள். பிறகு கேஷவின் ஓசை கீழே நுழையும். அடி மெல்ல மெல்ல வேகம் பிடித்து, சாவை உதறி, ஆட்டமாக எழும். அந்த அடியை அடிமைத்தனத்திலிருந்து வெளியே நடத்திக்கொண்டு வருவதாக அவளுக்கு எண்ணம். அதை உள்ளே இருந்த நாற்பது பேர் புரிந்துகொண்டார்கள். வெளியே இருந்த ஊர் அடையாளம் கண்டது முதல் நான்கு நிமிடத்தை மட்டுமே; பின்னால் வந்த வேகத்தைப் பாடைக்கு முன்னால் ஆடும் ஆட்டமாகவே எடுத்துக்கொண்டது.

பெரிய வீட்டில் துரைராசுவின் அப்பா, தொண்ணூற்றொரு வயதுக்காரர், இரண்டு மாதமாகப் படுக்கையில் இருந்தார். இன்றோ நாளையோ என்று ஊர் காத்திருந்தது. பத்தரை மணிக்குச் சாவு அடி காற்றில் வந்ததும் ஒருவருக்கும் ஐயம் எழவில்லை. செட்டு வந்து இறங்கிவிட்டது, பெரியவர் போய்விட்டார் என்று முடிவு கட்டினார்கள். பூக்கட்டுகிறவர் விளக்கைப் போட்டார். எவனோ ஒருவன் பெரியவரின் படத்தைப் போட்டு, ஆழ்ந்த இரங்கல் என்று வாட்சப்பில் அனுப்பினான். கால் மணி நேரத்தில் பதினாறு மாலைகளும் கோடித் துணியாக நான்கு வேட்டிகளும் பெரிய வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தன. பெண்கள் தலைவாசலிலேயே ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார்கள். பிரீசர் பெட்டியோடு ஒரு டெம்போவும் வந்து நின்றது. உள்ளே பெரியவர் தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். அழுகையைக் கேட்டு, வீட்டில் யாருக்கு என்ன ஆயிற்று என்று மருமகளிடம் விசாரித்தார்.

அண்டாவுக்குள் நாற்பது செல்போன்களும் ஒன்றன்மேல் ஒன்றாகத் துடித்தன. பெட்டிகளின் முழக்கத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

தெற்குத் தெருவில் மருதையன் கயிற்றுக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். செட்டு வந்தால் வேன் வரும்; வேன் வரவில்லை. ஓசை பெரிய வீட்டுப் பக்கமிருந்தும் வரவில்லை; தன் தெருவுக்குப் பின்னால், ஆலையிலிருந்து வந்தது. தம் தெருவில் எவனோ முடிவை மீறிவிட்டான் என்று அவர் உறுதி செய்துகொண்டார். துண்டை உதறித் தோளில் போட்டு வரப்பில் இறங்கினார்.

ஓசை வந்த திக்கைப் பிடித்து வந்து கிடங்கின் கதவைத் திறந்தவர் துரைராசு. அவருக்குப் பின்னால் மாலையும் கையுமாகப் பாதி ஊர் நின்றது. ஆஸிம் பெட்டிகளை அணைத்தான். அந்தத் திடீர் அமைதியில் நாற்பது பேரின் மூச்சு மட்டும் கேட்டது.

"யாருடா செத்தது?" என்றார் துரைராசு.

"யாரும் சாவலைங்க," என்றாள் தமிழ்நிலா. "ஆடிக்கிட்டு இருக்கோம்."

"எங்கப்பா கஞ்சி குடிச்சிக்கிட்டு இருக்காரு. அவரு காலடியில பதினாறு மாலையக் கொண்டாந்து போட்டிருக்கானுவ. பிரீசர் பெட்டிக்காரன் வாசல்ல நின்னுக்கிட்டு பிளக் எங்க இருக்குன்னு கேக்குறான். நீங்க ஆடிக்கிட்டு இருக்கீங்க."

துணிக்கடைப் பெண் ஒருத்தி சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் முகத்தை மூடிக்கொண்டாள். கூட்டத்தில் சம்பங்கி மாலையோடு நின்ற ஓர் அம்மாள், இதை இப்போது என்ன செய்வது என்று பக்கத்தில் நின்றவளிடம் மெய்யான கவலையோடு கேட்டாள். மெல்ல மெல்லக் கூட்டம் உள்ளே எட்டிப் பார்த்தது. ஆண்களும் பெண்களும் ஒரே கூரையின்கீழ் வியர்த்து நிற்பதைப் பார்த்தது. முணுமுணுப்பு எழுந்தது. இன்னார் மகள், இன்னார் தங்கை என்று பெயர்கள் வாசலில் வாசிக்கப்பட்டன. பெயர் வாசிக்கப்பட்ட பெண்கள் தலை குனிவார்கள் என்று கூட்டம் எதிர்பார்த்தது. செவிலியர்களில் மூத்தவள், ஆமாம், நான்தான் என்று சொல்லிவிட்டுக் கூந்தலை அள்ளி முடிந்துகொண்டாள்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு மருதையன் உள்ளே வந்தார். அவர் கண்கள் முகங்களைத் தேடவில்லை, பறையைத் தேடின. விளக்கு வெளிச்சத்தில் அது மகளின் தோளில் தொங்கியது.

"இது யாருது?"

"என்னுதுப்பா."

"பதினொண்ண எரிச்சேன்."

"தெரியும்பா."

"தெரிஞ்சுமா?"

அவள் பதில் சொல்வதற்குள் துரைராசு குறுக்கே வந்தார். அவர் குரலில் கோபம் தணிந்து, வேறொன்று குடியேறியிருந்தது. அவர் பறையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மருதையா, எரிச்சதெல்லாம் பழைய கதை, விடு. இந்த வெளியூரு செட்டு ஷூவப் போட்டுக்கிட்டு வந்து, மணியப் பாத்துக்கிட்டே அடிச்சிட்டுப் போறான். நம்ம ஊரு அடி கேட்டு எத்தினி வருசமாச்சு. இன்னிக்குக் கேட்டப்ப எனக்கே ஒரு நிமிசம் அப்பா போயிட்டாருன்னு தோணிடிச்சி." அவர் தமிழ்நிலாவிடம் திரும்பினார். "பாப்பா, எங்கப்பாவுக்கு இன்னும் பத்து நாளோ இருவது நாளோ. அன்னிக்கு ஒரே ஒரு நாள் நீ வந்து அடிச்சிக் குடு. இந்தக் கிடங்க நான் கேக்க மாட்டேன். சனிக்கிழமையானா ஆடிக்கங்க, பாடிக்கங்க. எவன் வந்து கேட்டாலும் நான் பாத்துக்கறேன்."

விலை அவ்வளவுதான். ஒரு நாள். நாற்பது பேரும் அவளைப் பார்த்தார்கள். வாடகைக்கு வேறு கிடங்கு கிடைக்காது என்பது ஆஸிமுக்குத் தெரியும். அவன் தரையைப் பார்த்தான். கேஷவ் அவள் அருகே நகர்ந்து, ஒரு நாள்தானே, யோசிக்கலாம் என்று தணிந்த குரலில் சொன்னான். அவனுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

"உனக்கு ஒரு நாள்டா," என்றாள் அவள். அவன் முகம் சிவந்தது.

பிறகு அவள் தந்தையிடம் திரும்பினாள். "நீங்க தோலு மேல கோவப்பட்டா எரிச்சீங்க? எவனோ கூப்புட்டு, அடிடான்னு சொன்னான். அதுக்காக எரிச்சீங்க. என்னை எவனும் கூப்புடலப்பா. நானா அடிச்சேன். யாரும் சாவாம அடிச்சேன்."

பெற்றவளைப் போட்டுவிட்டு இரண்டு நாள் அடித்த மருதையனின் கை, துண்டின் முனையை முறுக்கிக்கொண்டிருந்தது.

"உங்கப்பா நல்லா இருக்கட்டுங்க," என்று துரைராசுவிடம் சொன்னாள் தமிழ்நிலா. "அவருக்கு ஒண்ணுன்னா மாலை வாங்கிக்கிட்டு எல்லாரையும் போல வருவேன். பறையோட வர மாட்டேன்."

"அப்ப நாளைக்கே காலி பண்ணுங்க."

"நாளைக்குப் பண்ணிடறங்க," என்றான் ஆஸிம், தரையிலிருந்து கண்ணை எடுத்து. "இன்னிக்கு ராத்திரி எங்களுது."

அவன் பெட்டிகளைத் திரும்பவும் போட்டான். தமிழ்நிலா பறையைத் தூக்கினாள். கதவு திறந்தே இருந்தது. ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. மேற்குச் சுவரில் உமி இல்லை. மறைக்கவும் இனி ஒன்றும் இல்லை. சாவு அடியை அவள் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினாள். மாலை வைத்திருந்தவர்கள் பழக்கத்தால் தலையைத் தாழ்த்தினார்கள். நான்காவது நிமிடத்தில் அடி திரும்பியபோது, தாழ்ந்த தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. எந்த அனுமதியும் இல்லாத கால்கள் ஊரின் கண்ணெதிரே ஆடின. காறித் துப்பிவிட்டுப் போனவர்கள் இருந்தார்கள். மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போன ஒரு தகப்பனும் இருந்தார். அந்தப் பெண் வாசல் வரைக்கும் ஆடிக்கொண்டே போனாள். சம்பங்கி மாலைக்கார அம்மாள் போகவில்லை. அதைப் பெட்டியொன்றின் மேல் வைத்துவிட்டு, கை காலியானதும், தாளத்துக்குத் தலையை ஆட்டத் தொடங்கினாள்.

மருதையன் கடைசி அடி வரைக்கும் உமி மூட்டையில் சாய்ந்து நின்றார். ஆடவில்லை. தடுக்கவும் இல்லை. வீட்டுக்குத் திரும்பும்போது வரப்பில் மகளுக்கு நாலடி முன்னால் நடந்தார். வாய்க்கால் மேட்டுக்கு வந்ததும் நின்றார்.

"மொதல்ல மெதுவா ஒண்ணு அடிக்கிறியே, அதக் கேட்டா இப்பவும் எனக்கு எந்திரிச்சி ஓடிடலாம்னு இருக்கு."

"எனக்கும்தாம்பா. அதனாலதான் அதுலேயே நிக்காம வேகமா ஓட்டுறேன்."

அவர் திரும்பவும் முன்னால் நடந்தார்.

மறுநாள் கிடங்கு காலியானது. துணிக்கடைப் பெண்களில் மூன்று பேருக்கு வீட்டில் வெளியே போகத் தடை விழுந்தது. பெரியவர் பிழைத்துக்கிடந்தார், தனக்கு வந்த மாலைகளை எண்ணிச் சொல்லும்படி மருமகளைக் கேட்டதாக ஊரில் பேசிக்கொண்டார்கள். இனி ஒளிந்து ஆடுவதற்கு இடமில்லை என்றான் ஆஸிம். அப்படியானால் ஒளியாமல் ஆடுவோம் என்றாள் தமிழ்நிலா. தெற்குத் தெருவின் பொதுக் களம், பறைகள் எரிந்த அதே வாய்க்கால் மேடு, அறுவடை இயந்திரம் வந்தபிறகு சும்மா கிடந்தது. இரவு பத்து மணி வரைக்கும் ஒலிபெருக்கி வைக்கச் சட்டத்தில் இடமுண்டு. காவல் நிலையத்தில் மனு கொடுக்க வேண்டும். இடத்துக்குப் பொறுப்பானவர் கையெழுத்திட வேண்டும். களத்துக்குப் பொறுப்பு மருதையன்.

மனுவை அவள் இரவு முழுதும் எழுதி, தந்தையின் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பப் போனாள். கேட்கவில்லை. கேட்டு, மறுத்துவிட்டால் தெரு முழுதும் மறுத்ததாகிவிடும். மருதையன் கை கழுவி, துடைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். பிறகு சட்டையைப் போட்டார். மகளின் வண்டியில் பின்னால் ஏறிக்கொண்டு, போலாம் என்றார்.

காவல் நிலையத்தில் எழுத்தர் மனுவை வாங்கிப் பார்த்தார். நிகழ்ச்சியின் விவரம் என்ற இடத்தில் தமிழ்நிலா, சிக்கல் வரக் கூடாது என்று, கலை நிகழ்ச்சி என எழுதியிருந்தாள். கையெழுத்துக்காகப் பேனாவை வாங்கிய மருதையன் முதலில் அந்த இரண்டு சொற்களையும் ஒரே கோட்டில் அடித்தார். மேலே பெரிய எழுத்தில் ஆட்டம் என்று எழுதினார். அதன்பிறகே கையெழுத்திட்டார்.

எழுத்தருக்கு அது புரியவில்லை. காதுகுத்தா, வளைகாப்பா, கோயில் விசேஷமா என்று கேட்டார். இல்லை, இல்லை என்று தலையசைத்தார் மருதையன். எழுத்தர் பேனாவை மேசைமேல் வைத்தார்.

"பின்ன யாருதான் செத்தது?"

"யாரும் சாவல," என்றார் மருதையன். "அதையும் எழுதிக்கங்க."